பிழியும் உருளைகள்: ஒரு பழைய வாஷிங் மெஷின் சொல்லும் பாடம்



ஆண்டு மலர் என்றால் கவிதை, பொன்மொழி, சிரிப்புத் துணுக்கு, அரியர் பற்றிய புலம்பல் இவைதான் அதிகம் இருக்கும். அதற்கு நடுவில் துணி பிழிகிற மெஷினைப் பற்றி நாலு பக்கம் எழுதினால் யாருப்பா படிப்பாங்க என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் படிப்பார்கள், வீட்டில் துணி துவைக்கிறவர்கள் படிப்பார்கள், இந்த இரண்டிலும் சேராதவர் நம் பாலிடெக்னிக்கில் எத்தனை பேர் என்று திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டுப் போய்விட்டாள். நீங்கள் போய்விடாதீர்கள்!

இன்றைக்கு வாஷிங் மெஷின் என்றால் ஒரு மூடிய பெட்டி. துணியைப் போடுகிறோம், பொத்தானை அழுத்துகிறோம், உள்ளே ஏதோ நடக்கிறது, கடைசியில் பாட்டுப் பாடி நிற்கிறது. ஆனால் 20-ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுவதும் அமெரிக்கா, கனடா, இங்கிலாந்து போன்ற நாடுகளில் வாஷிங் மெஷினுக்கு இருந்த உருவமே வேறு. நாலு காலில் நிற்கும் ஒரு தொட்டி. தொட்டியின் தலைமாட்டில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ரப்பர் உருளைகள். துவைத்த துணியின் ஒரு முனையை உருளைகளுக்கு நடுவே கொடுத்தால், தண்ணீர் இந்தப் பக்கம் கொட்டும், துணி அந்தப் பக்கம் அப்பளம் மாதிரி தட்டையாக வெளியே வரும். இந்த உருளை அமைப்புக்கு ரிங்கர் என்று பெயர். அது பொருத்திய மெஷின், ரிங்கர் வாஷிங் மெஷின்.

இந்த மெஷின்களைத் தேடிப் பிடித்துச் சேர்க்கிறவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள். அதில் அப்படி என்ன இருக்கிறது என்பதை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரை.

பிழிவதுதான் பெரிய வேலை

எங்கள் ஊர் ஜீயபுரம். ஒரு பக்கம் காவிரி, இன்னொரு பக்கம் உய்யக்கொண்டான் வாய்க்கால், நடுவே வாழைத் தோட்டம். தண்ணீர் ஓடும் நாளில் வாய்க்கால் படித்துறையில் துணி அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். எங்கள் குடும்பத் தொழிலே அதுதான். தாத்தா காலத்தில் உவர்மண் கரைத்த தண்ணீரில் துணியை நனைத்து, வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசிக் கொடுத்தார்கள். இன்று அப்பாவுக்கு இஸ்திரி வண்டி. அம்மா ஸ்ரீரங்கத்தில் இரண்டு தங்கும் விடுதிக்கும் ஒரு கல்யாண மண்டபத்துக்கும் படுக்கை விரிப்பு, தலையணை உறை துவைத்துக் கொடுக்கிறார். பத்தாம் வகுப்பைத் தாண்டி எங்கள் வீட்டிலிருந்து வந்த முதல் ஆள் நான்.

துணி துவைப்பது என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதற்குள் ஊறவைத்தல், சோப்புப் போடுதல், அடித்தல், அலசுதல், பிழிதல், உதறுதல், உலர்த்துதல் என்று ஏழு வேலை இருக்கிறது. இதில் எது கஷ்டம் என்று அம்மாவைக் கேட்டால் கொஞ்சமும் யோசிக்காமல் வரும் பதில், "பிழியறதுதான்". காய்ந்தபோது முக்கால் கிலோ இருக்கும் விரிப்பு, தண்ணீரிலிருந்து தூக்கும்போது இரண்டு மூன்று கிலோவைத் தாண்டிவிடும். ஒருத்தர் இந்த முனை, ஒருத்தர் அந்த முனை பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்க வேண்டும். ஆள் இல்லாவிட்டால் ஒரு முனையைக் குழாயில் சுற்றிக்கொண்டு தனியாக முறுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐம்பது, அறுபது விரிப்பு. அம்மாவுக்கு இரண்டு மணிக்கட்டிலும் வலி. "முறுக்குற வேலையக் குறைங்கம்மா" என்று டாக்டர் சொன்னார். முறுக்குகிற வேலையைக் குறைத்தால் சோற்றையும் குறைக்க வேண்டுமே, அதற்கு அவரிடம் மருந்து இல்லை.

முறுக்கும்போது நடப்பதை நம் ஸ்டிரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தைக் கொண்டு பார்க்கலாம். முறுக்கிய துணி ஒரு ஷாஃப்ட் போல ஆகிறது. வெளிப்பக்க நூல்கள் இழுபடுகின்றன. அந்த இழுவை உள்பக்கத்தை நெருக்கித் தண்ணீரை வெளியேற்றுகிறது. ஆக, தண்ணீரை எடுப்பதற்காக நூலை வதைக்கிறோம். அழுத்தமும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி விழுவதில்லை. முறுக்கு விழாத இடத்தில் தண்ணீர் அப்படியே நிற்கும். அத்தனை விசையையும் தாங்குவது மணிக்கட்டு என்ற சின்ன மூட்டு.

உருளை எப்படிப் பிழிகிறது?

கரும்புச்சாறு மெஷினைப் பார்த்திருப்பீர்கள். உருளைகளுக்கு நடுவே கரும்பைக் கொடுத்தால் சாறு கீழே, சக்கை அந்தப் பக்கம். ரிங்கரும் அதே வம்சம்தான். ஆனால் முக்கியமான வித்தியாசம் ஒன்று உண்டு. கரும்பு உருளை இரும்பு, வரிவரியாகப் பல் வெட்டியிருக்கும். அதன் வேலை நசுக்குவது. துணியை நசுக்கினால் என்ன ஆகும்? பட்டன் எல்லாம் தூள்! அதனால் ரிங்கர் உருளைக்கு இரும்பு ஷாஃப்டின் மேல் ரப்பர் போட்டிருப்பார்கள். ரப்பர் கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். மடிப்பு, தையல், கரை எது வந்தாலும் வளைந்து கொடுத்து அழுத்தும்.

மேல் உருளையின் பேரிங் ஒரே இடத்தில் பிடித்து வைக்கப்பட்டதல்ல. அது பிரேமில் உள்ள காடியில் மேலும் கீழும் நகரும். அதன் தலையில் ஸ்பிரிங். ஸ்பிரிங்கின் மேல் ஒரு திருகு. திருகை இறுக்கினால் அழுத்தம் கூடும். தடிமனான துணி வந்தால் மேல் உருளை தானாக எழும்பும், ஆனால் ஸ்பிரிங் அதை விடாமல் அழுத்திக்கொண்டே இருக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். உருளையின் நீளம் 30 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் அமுங்குவதால் இரண்டு உருளையும் ஒட்டும் பட்டையின் அகலம் 1 செ.மீ. ஸ்பிரிங் கொடுக்கும் அழுத்தம் 60 கிலோ. அப்படியானால் ஒவ்வொரு சதுர செ.மீ. துணியின் மேலும் 2 கிலோ அழுத்தம் விழுகிறது. இந்த 60 கிலோவை யார் தூக்கினார்கள்? யாரும் இல்லை! திருகை ஒரு தடவை திருகியதோடு சரி, அதற்குப் பிறகு ஸ்பிரிங் பார்த்துக்கொள்கிறது.

அடுத்து கைப்பிடி. கைப்பிடியின் நீளம் 20 செ.மீ., உருளையின் ஆரம் 2.5 செ.மீ. என்றால் எட்டுக்கு ஒன்று லாபம். கையில் 5 கிலோ விசை கொடுத்தால், உராய்வுக்குப் போவதைத் தள்ளிவிட்டால், உருளையின் மேல்பரப்பில் 40 கிலோ இழுவிசை. வேலை மணிக்கட்டிலிருந்து தோளுக்கும் முதுகுக்கும் மாறுகிறது. பெரிய தசைகள் வேலை செய்கின்றன, சின்ன மூட்டு தப்பிக்கிறது.

இன்னொன்று. துணியை உருளை தானாகக் கவ்வி இழுக்க வேண்டும். ரோலிங் மில் பாடத்தில் படித்த அதே விதிதான் இங்கும். துணி உருளையைத் தொடும் இடத்துக்கும் இரு உருளைகளின் மையக் கோட்டுக்கும் நடுவில் உள்ள கோணத்தின் டேன்ஜென்ட், உராய்வுக் குணகத்தை விடக் குறைவாக இருக்க வேண்டும். சுருட்டிப் பந்தாகக் கொடுத்தால் கோணம் பெரிதாகிவிடும், உருளை வழுக்கும். மெல்லிய முனையாகக் கொடுத்தால் லபக்கென்று கவ்வும். பின்னால் எத்தனை மடிப்பு வந்தாலும் இழுத்துக்கொள்ளும்.

மோட்டார் பொருத்திய மெஷினில் இன்னும் அழகு. தொட்டிக்கு அடியில் ஒரே மோட்டார். பெல்ட் வழியாகக் கியர் பாக்ஸுக்கு வரும் சுழற்சி அங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று, தொட்டிக்குள் இருக்கும் கலக்கியை அரை வட்டம் முன்னும் பின்னும் ஆட்டுகிறது. இன்னொன்று, பக்கவாட்டுத் தூணுக்குள் செங்குத்து ஷாஃப்ட் வழியாக மேலே ஏறி, பெவல் கியர் மூலம் உருளையைச் சுற்றுகிறது. ஒரு லீவரைத் தள்ளினால் உருளை இந்தப் பக்கம், இழுத்தால் அந்தப் பக்கம், நடுவில் வைத்தால் நிற்கும். ரிங்கர் தலையை அப்படியே திருப்பி, பக்கத்தில் வைத்த அலசும் தொட்டிகளின் மேலும் நிறுத்திக்கொள்ளலாம். பெல்ட், பெவல் கியர், கிளட்ச், ஸ்பிரிங், திருகு... நம் சிலபஸில் பாதி ஒரே மெஷினில், அதுவும் கண்ணுக்குத் தெரியும்படி!

தண்ணீர் சிக்கனமும் உண்டு. உருளைக்கு அடியில் சாய்வான தட்டு ஒன்று இருக்கும். பிழிந்த சோப்புத் தண்ணீர் அதில் வழிந்து திரும்பத் தொட்டிக்கே போய்விடும். அதே தண்ணீரில் முதலில் வெள்ளைத் துணி, அடுத்து கலர்த் துணி, கடைசியில் வயலுக்குப் போட்ட அழுக்குத் துணி. இன்றைய ஆட்டோமேட்டிக்கில் பெரும்பாலானவை ஒவ்வொரு தடவையும் சோப்புத் தண்ணீரைச் சாக்கடைக்கு அனுப்புகின்றன.

அப்படியானால் உருளை ஏன் போயிற்று? சுழல் தொட்டி வந்ததால். செமி ஆட்டோமேட்டிக்கின் பிழியும் தொட்டி நிமிடத்துக்கு 1,400 சுற்று சுற்றுவதாகவும், ஆரம் 10 செ.மீ. என்றும் கொள்வோம். கணக்குப் போட்டால் விளிம்பில் உள்ள துணியின் மேல் புவியீர்ப்பைப் போல ஏறக்குறைய 220 மடங்கு விசை. உருளையை விட அதிகமாகத் தண்ணீரை எடுத்துவிடும். பக்கத்தில் நின்று ஒவ்வொரு துணியாகக் கொடுக்கவும் வேண்டாம்.

பதினெட்டு டாலர்

உருளைகளால் வேலை வாங்குவது நமக்குப் புதிதல்ல. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்க, மரத்தால் ஆன இரட்டை உருளைக் கருவி இந்தியாவில் பல நூற்றாண்டுகளாக இருந்தது. ஒரு உருளை சுற்றினால் மற்றது எதிர்த் திசையில் சுற்ற, மரத்திலேயே வோர்ம் கியர் செதுக்கியிருந்தார்கள் நம் தச்சர்கள்.

துணி பிழியும் உருளை விஷயத்தில் கனடாவின் செயின்ட் ஜான் நகரைச் சேர்ந்த ஜான் டர்ன்புல் என்பவர் 1843-ல் உருளை பொருத்திய துவைக்கும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். பிறகு பலர் பலவிதமாகத் திருத்தினார்கள். அவர்களில் என் மனதில் நின்றவர் எல்லன் எக்லின். அமெரிக்காவின் வாஷிங்டன் நகரில் வீட்டு வேலை செய்து பிழைத்த கறுப்பினப் பெண். அவர் ஒரு ரிங்கரை வடிவமைத்தார். 1888-ல் அதன் உரிமையை ஒரு ஏஜெண்டுக்கு வெறும் 18 டாலருக்கு விற்றுவிட்டார். ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு அவரே சொன்ன காரணம், பெண் கண்டுபிடிப்பாளர்களுக்காக 1890-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. ஒரு கறுப்பினப் பெண் கண்டுபிடித்தது என்று தெரிந்தால் வெள்ளைக்காரப் பெண்கள் அதை வாங்க மாட்டார்கள் என்பதுதான் அது. வாங்கியவருக்கு நல்ல லாபம். எக்லினுக்கு 18 டாலர்.

துணி பிழிந்த கைதான் பிழியும் கருவியை யோசித்தது. ஆனால் பெயர்ப்பலகையில் அந்தக் கையின் பெயர் இல்லை. நம்மில் பலர் வேலை செய்யும் கைகளின் வீட்டிலிருந்து வந்தவர்கள். இந்தப் பெயரை நாமாவது நினைவில் வைக்க வேண்டாமா?

மேடேக் கம்பெனியின் கதை வேறு விதம். அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் நியூட்டன் என்ற ஊரில் 1893-ல் தொடங்கியது. முதலில் செய்தது கதிரடிக்கும் மெஷினுக்குக் கதிர் ஊட்டும் கருவி. அறுவடை முடிந்தால் தொழிற்சாலைக்கு வேலை இருக்காது. அந்தச் சும்மா கிடக்கும் மாதங்களுக்காக 1907-ல் மரத்தொட்டி வாஷிங் மெஷின் செய்ய ஆரம்பித்தார்கள். பக்கவேலையே பிறகு முழு வேலையாகிவிட்டது! கரண்ட் இல்லாத கிராமங்களுக்காக, காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யும் சின்னப் பெட்ரோல் என்ஜினை 1910-களின் நடுவில் பொருத்தினார்கள். புகையை ஜன்னல் வழியாக வெளியேற்ற நீளமான குழாய். 1919-ல் வார்ப்பு அலுமினியத் தொட்டி. 1922-ல் கலக்கியை மூடியிலிருந்து எடுத்துத் தொட்டியின் அடியில் வைத்தார்கள். அந்த ஒரு மாற்றத்தில் வியாபாரம் பிய்த்துக்கொண்டு போயிற்று.

மின்சாரம் வந்த வீடுகளுக்கு சிகாகோவின் ஹர்லி கம்பெனி 1908 முதல் தோர் என்ற மெஷினை விற்றது. 1937-ல் பெண்டிக்ஸ் கம்பெனி, துவைத்து அலசிப் பிழிவதைத் தானே செய்யும் ஆட்டோமேட்டிக்கைக் கொண்டுவந்தது. இருந்தும் ரிங்கர் உடனே சாகவில்லை. விலை குறைவு, தண்ணீர் குறைவு, குழாய் இணைப்பும் தேவையில்லை. மேடேக் தன் கடைசி ரிங்கர் மெஷினைச் செய்தது 1983-ல். அந்தக் கம்பெனியையே 2006-ல் வேர்ல்பூல் வாங்கிவிட்டது. நியூட்டன் தொழிற்சாலை 2007-ல் மூடப்பட்டது.

நம் நாட்டில் நடுத்தரக் குடும்பங்களுக்கு வாஷிங் மெஷின் பரவலாக வர ஆரம்பித்தது 1980-களின் பிற்பகுதியில். டி.வி.எஸ். குழுமமும் வேர்ல்பூலும் சேர்ந்து பாண்டிச்சேரியில் தொழிற்சாலை வைத்ததும் அந்தக் கால கட்டத்தில்தான். அதற்குள் உலகம் சுழல் தொட்டிக்கு மாறிவிட்டது. நாம் கல்லிலிருந்து நேராகச் சுழல் தொட்டிக்குத் தாவிவிட்டோம். நடுவில் இருந்த உருளைப் படியில் கால் வைக்கவே இல்லை. அதனால்தான் ரிங்கர் என்றால் நம்மில் பலருக்குத் தெரிவதில்லை.

கையையும் இழுக்கும்!

புகழ்ந்துகொண்டே போனால் போதாது, ஆபத்தையும் சொல்ல வேண்டும். மெல்லிய முனையைக் கவ்வும் உருளைக்கு, அது துணியா விரலா என்று தெரியாது. தொட்டிக்குப் பக்கத்தில் விளையாடிய குழந்தைகள் பலரின் கை உருளைக்குள் போயிருக்கிறது. சில சமயம் முழங்கை வரை, அதற்கும் மேலே கூட. அமெரிக்க டாக்டர்கள் இந்தக் காயத்துக்கு ரிங்கர் கை என்றே பெயர் வைத்தார்கள். 1938-ல் 26 பேரின் காயங்களைத் தொகுத்து மருத்துவ இதழில் கட்டுரையே வந்தது. வெளியே சின்னச் சிராய்ப்புத்தான் தெரியும், உள்ளே தசையும் ரத்தக் குழாயும் நசுங்கியிருக்கும்.

அதற்குப் பிறகும் மெஷின்கள் ஓடின, ஆனால் பாதுகாப்பு கூடியது. உருளைக்கு மேலே ஒரு கம்பிப் பட்டை வைத்தார்கள். அதைத் தட்டினால் ஸ்பிரிங்கின் பிடி விட்டு மேல் உருளை எழும்பிவிடும். சில மெஷின்களில் துணியைப் பிடித்தபடி பின்னால் இழுத்தாலே பிடி விடும். பதறிப்போன மனிதன் ஸ்விட்சைத் தேட மாட்டான், கையைத்தான் இழுப்பான். அதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு இது.

தோழிகளே, இது அமெரிக்கக் கதை மட்டும் அல்ல. கரும்புச்சாறு மெஷின், மாவு மில் பெல்ட், நம் ஒர்க்‌ஷாப் லேத், எல்லாவற்றிலும் இரண்டு பொருள் சேர்ந்து உள்ளே இழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. துப்பட்டாவை முடிச்சுப் போட்டு, பின்னலைக் கோட்டுக்குள் விடச் சொல்லி ஒர்க்‌ஷாப் சார் தினமும் கத்துவது சும்மா இல்லை.

சேர்க்கிறவர்கள்

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஈட்டன் என்ற சின்ன ஊர். அங்கே லீ மாக்ஸ்வெல் என்ற மின்பொறியியல் பேராசிரியர் 1985-ல் பழைய வாஷிங் மெஷின்களை வாங்க ஆரம்பித்து ஆயிரத்துக்கும் மேலாகச் சேர்த்துவிட்டார். கின்னஸ் புத்தகத்திலும் இடம்பெற்றார். வாங்கி அடுக்கி வைத்ததோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றையும் பிரித்து, துருவெடுத்து, உடைந்த பாகத்தைச் செய்து போட்டு ஓட வைத்தார்.

சேர்க்காமல் பயன்படுத்திக் காப்பாற்றுகிறவர்களும் உண்டு. பொது மின்சார இணைப்பை வீட்டுக்கு எடுக்காத ஆமிஷ் என்ற கிறித்தவ சமூகத்தார், பழைய ரிங்கர் மெஷின்களுக்குச் சின்ன என்ஜின் பொருத்தி இன்றும் துவைக்கிறார்கள். அதனால் அவற்றுக்கு உதிரி பாகமும் கிடைக்கிறது.

நம் திருச்சியைப் பாருங்கள். பழைய ரயில் பொருட்களுக்காக 2014-ல் ரயில்வே மியூசியம் திறந்தார்கள். பொன்மலை பணிமனை நீலகிரி மலை ரயிலுக்குப் புதிதாக நீராவி என்ஜினே செய்து கொடுத்தது. பழைய மெஷினின் அறிவு உயிரோடு இருந்ததால்தானே அது முடிந்தது? ரயில் ஓட்டிய மெஷினுக்கு இருக்கும் மரியாதை, வீட்டு வேலை செய்த மெஷினுக்கு இல்லை. அது கொல்லைப்புறத்தில் கிடந்து, கடைசியில் பழைய இரும்புக்காரர் தராசில் ஏறிவிடுகிறது.

அப்படி ஏற இருந்த ஒன்று இப்போது எங்கள் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறது. அம்மா துணி வாங்கப் போகும் ஸ்ரீரங்கத்து வீடு ஒன்றில், வெந்நீர் அண்டாவுக்குப் பின்னால் கிடந்தது. இங்கிலாந்தில் வேலை பார்த்த அவர்கள் வீட்டுப் பெரியவர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்ததாம். சதுரத் தொட்டி, மூடியில் ஹூவர் என்ற பெயர். வேல்ஸ் நாட்டில் மெர்தர் டிட்வில் என்ற ஊரில் 1948-ல் திறந்த ஹூவர் தொழிற்சாலை இந்த மாதிரியைத்தான் செய்தது. தொட்டியின் பக்கச் சுவரில் சுழலும் தட்டு, வேலை முடிந்ததும் தொட்டிக்குள்ளேயே மடித்து வைக்கக்கூடிய கை ரிங்கர். இடுக்கமான இங்கிலாந்துச் சமையலறைக்கு ஏற்ற யோசனை.

"ஐயா, இதை நான் எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டேன். "என்ன பண்ணப் போறே? ஓடாதும்மா இது" என்றார். மெக்கானிக்கல் படிக்கிறேன் என்றேன். "அப்ப உனக்குத்தான் இது. எடுத்துட்டுப் போம்மா" என்றவர், ஆட்டோவில் ஏற்ற ஆளையும் கூப்பிட்டு விட்டார்.

மோட்டாரை நாங்கள் தொடவில்லை. ரிங்கரை மட்டும் கழற்றினோம். உருளை ரப்பர் கல் மாதிரி இறுகி, வெடித்திருந்தது. அச்சகங்களுக்கு ரோலர் ரப்பர் போட்டுத் தரும் கடையில் கொடுத்துப் புது ரப்பர் போட்டோம். தேய்ந்த புஷ்ஷை லேத்தில் அப்பாவின் நண்பர் ஒருவர் கடைந்து கொடுத்தார்.

அம்மா முதலில் நம்பவில்லை. நாலைந்து விரிப்புப் பிழிந்ததும் ஒரு விஷயத்தை அவரே கண்டுபிடித்தார். "சுருட்டிக் குடுக்காத பாப்பா. நாலா மடிச்சு, கரைப் பக்கத்த மொதல்ல குடு, தானா இழுத்துக்கும்." டேன்ஜென்ட், உராய்வுக் குணகம் என்று நான் பரீட்சையில் எழுதிய விதி, அம்மா வாயில் ஒரே வரியில் வந்துவிட்டது! இப்போது விரிப்பெல்லாம் அதில்தான். பட்டுப் புடவையும் பட்டன் சட்டையும் கையில்.

உங்கள் கைக்குக் கிடைத்தால்

பழைய ரிங்கர் என்று இல்லை. பழைய தையல் மெஷின், கை அரைவை மெஷின், எது கிடைத்தாலும் பின்வருவன பொருந்தும்.

1. எடுத்த எடுப்பில் பிளக்கைச் செருகாதீர்கள். பழைய ஒயரின் இன்சுலேஷன் உதிர்ந்திருக்கும். ஈரத்தில் நிற்கும் இரும்புத் தொட்டி அது! எலக்ட்ரிக்கல் துறை நண்பரைக் கூப்பிட்டு மெக்கரில் சோதித்து, எர்த் சரிபார்த்த பிறகே கரண்ட்.

2. உபயோகிக்காதபோது ரிங்கர் திருகைத் தளர்த்தி வையுங்கள். அழுத்தத்திலேயே விட்டால் ரப்பர் ஒரு பக்கம் தட்டையாகிவிடும்.

3. ரப்பரில் எண்ணெய், மண்ணெண்ணெய், பெட்ரோல் எதுவும் படக்கூடாது, ஊறிக் கெட்டுவிடும். சோப்புத் தண்ணீர் போதும். துருப்பிடித்த போல்ட்டுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள்.

4. அலுமினியத் தொட்டியில் காஸ்டிக் சோடா, சலவைச் சோடா வேண்டாம். காரம் அலுமினியத்தைத் தின்றுவிடும்.

5. பெயர்த்தகட்டை எடுக்காதீர்கள், அதன்மேல் பெயிண்ட் அடிக்காதீர்கள். மெஷினின் ஜாதகமே அதுதான்.

6. பிரிக்கும் முன் போட்டோ எடுங்கள். பிரித்த பின் வெர்னியரில் அளந்து டிராயிங் போடுங்கள். கியர் பல் எத்தனை, ஸ்பிரிங் சுற்று எத்தனை என்று எழுதுங்கள்.

7. அதை உபயோகித்தவரிடம் பேசி எழுதி வையுங்கள். யார் வாங்கியது, யார் சுற்றியது, என்ன கஷ்டம், என்ன தந்திரம். டிராயிங்கில் வராத பாகம் அது.

பிழியும் திறனை நீங்களே அளக்கலாம். காய்ந்த துணியை எடை போடுங்கள். நனைத்துக் கையால் முறுக்கியபின் ஒரு எடை. திரும்ப நனைத்து உருளையில் விட்டபின் ஒரு எடை. ஈர எடையிலிருந்து காய்ந்த எடையைக் கழித்து, காய்ந்த எடையால் வகுத்து நூறால் பெருக்குங்கள். துணியில் மிச்சமிருக்கும் தண்ணீரின் சதவீதம் அது. கரூர், ஈரோடு, திருப்பூர் சாய ஆலைகளில் இதே கணக்கைத்தான் தினமும் போடுகிறார்கள். அங்கே பேடிங் மேங்கிள் என்ற பெயரில் பெரிய ரப்பர் உருளைகள், சாயத் தண்ணீரில் முக்கிய துணியை ஒரே சீராகப் பிழிகின்றன. எங்கள் ஊர் வழியாகப் போகும் கரூர் பஸ்ஸில் ஏறினால் ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் ரிங்கரின் அண்ணனைப் பார்க்கலாம்! இன்டஸ்ட்ரியல் விசிட்டுக்கு இடம் தேடும் ஜூனியர்கள் கவனிக்க.

நிறைவாக ஒரு வேண்டுகோள். நம் மெக்கானிக்கல் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மூலை காலியாக இருக்கிறது. அங்கே ஒரு அலமாரி வைக்க அனுமதி கேட்டு மாணவர் மன்றத்தின் மூலம் மனு கொடுத்திருக்கிறோம். உங்கள் வீட்டில், பாட்டி வீட்டில், தெருவில், கையால் வேலை செய்த பழைய கருவி எது இருந்தாலும் பழைய இரும்புக்குப் போடும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள். கருவியைக் கொடுக்க மனமில்லை என்றால் டிராயிங் மட்டும் போட்டுக்கொள்கிறோம். எங்கள் ரிங்கரின் டிராயிங் தயாராக இருக்கிறது. அதை வைத்து இரும்புப் பிரேமில் புதிதாக ஒன்று செய்வதே எங்கள் குழுவின் இந்த ஆண்டு புராஜெக்ட். படித்துறையில் அம்மாவோடு துவைக்கும் அத்தை ஒருவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார், முதல் மெஷின் அவருக்குத்தானாம்.

 

— மூன்றாம் ஆண்டு மாணவி, இயந்திரவியல் துறை